தனி முட்டையும் கூண்டு முட்டையும்

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற என் வயதுக்காரிகளே, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் எல்லாரும் ஒரு வெள்ளைக் குளிசை விழுங்குகிறீர்களே, அது என்னவென்று தெரியுமா? கல்சியம் என்பீர்கள். எலும்புக்கு நல்லதாம் என்று டொக்டர் சொன்னதை என்னிடமே திருப்பிச் சொல்வீர்கள். போன கிழமை வெள்ளவத்தை மருந்துக்கடையில் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி வீட்டில். ஆனாலும் வாசித்தேன்.

"இரட்டைப் பிறை, முட்டை, காது" என்றேன்.

மருந்துக்கடைப் பிள்ளை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இந்தக் கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று தேடியிருப்பாள், பாவம்.

பெட்டியில் இருந்தது CaCO₃. சுண்ணக்கல். இவர்கள் பத்துப் பத்தாகத் தகட்டில் அடைத்துத் தருகிற சாமானை என் அப்பா கொட்டாஞ்சேனையில் மூட்டையாக விற்றார். அதன் மேல் ஏறிக் குதித்து விளையாடிய எனக்கு இன்று எலும்பு தேய்ந்துவிட்டதாம். இதைச் சொல்லிச் சிரிக்க அக்காவும் இப்போது இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். காது கேட்கிறவர்கள் கேளுங்கள். கேட்காதவர்கள் வழக்கம்போலத் தலையை ஆட்டுங்கள்.

கீழே ஸ்டோர், மேலே வீடு. ஸ்டோரில் இருந்தவை எல்லாம் வெள்ளை. சுண்ணக்கல் தூள், சுட்ட சுண்ணாம்பு, நீறிய சுண்ணாம்பு, ஜிப்சம், டொலமைட், பிளீச்சிங் பவுடர், உரத்துக்குப் போகிற சூப்பர் பொசுபேற்று, கல்சியம் நைத்திரேற்று. பொசுபேற்று மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம். அப்பாவின் புருவம் வெள்ளை. படிக்கட்டில் காலடி வெள்ளை. அம்மா எத்தனை தரம் துடைத்தாலும் நாங்கள் ஏறுகிற படியில் பாதங்கள் வந்துவிடும், திருநீற்றில் நடந்தது போல. மழைக் காலத்தில் நைத்திரேற்று மூட்டை தானாகவே ஈரம் இழுத்து அழத் தொடங்கும். அதன் கீழே எப்போதும் ஒரு தகரத் தட்டு. பிளீச்சிங் பவுடர் கிடந்த மூலைக்குப் போனால் நாங்களும் அழுவோம்.

அந்த ஸ்டோரில் தீராத சண்டை ஒன்று இருந்தது. பெயர்ச் சண்டை. வெற்றிலைக்காரி வந்து "சுண்ணாம்பு தாங்கோ" என்பாள். கொத்து வேலை செய்கிற சிங்களவர் மேசன் பாஸ் வந்து "ஹுணு" என்பார். சிங்களத்தில் எல்லா வெள்ளையும் ஹுணுதான். தோட்டத்துக் கிளாக்கர் லைம் என்று எழுதி அனுப்புவார். அவருக்கு வேண்டியது டொலமைட்டாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பியோன் சோக் பவுடர் என்பான். ஒரே சாமானுக்கு ஐந்து பெயர், ஐந்து சாமானுக்கு ஒரே பெயர். அப்பா ஒரு நாளைக்கு மூன்று தரம் நெற்றியில் அடித்துக்கொள்வார். அதில் கொஞ்சம் வெள்ளை உதிரும்.

அக்கா அப்போது ஏ-லெவலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரசாயனவியல். வீடு முழுக்க அவள் குரல்தான். "கல்சியம் காபனேற்று, கல்சியம் ஐதரொட்சைட்டு, கல்சியம் சல்பேற்று..." அம்மா அதைத் தேவாரம் மாதிரிக் கேட்டுக்கொண்டு கறிக்கு வெட்டுவாள். ஒரு நாள் அக்கா சட்டைப் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, கறுப்பு மையால் தடித்த எழுத்தில் எழுதி, மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்துக் கொண்டுவந்தாள்.

"அப்பா, பேர் ஆளுக்காள் மாறும். ஃபோர்மியூலா மாறாது. ஒவ்வொரு அடுக்குக்கும் இதில ஒண்டு கட்டினாச் சண்டையே வராது" என்றாள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ர பிள்ளை" என்றார். நானும் அவருடைய பிள்ளைதான், பக்கத்தில்தான் நின்றேன். அது அந்த நேரம் பேச்சில் இல்லை.

ஏனென்றால் அந்த வருடம் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இரண்டு தரம் இருந்து பார்த்தேன்; கதிரை பழகியது, பாடம் பழகவில்லை. "இவளுக்கு மண்டையில ஏறாது, வீட்டு வேலையைப் பழக்குங்கோ" என்று ரீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டா. அம்மா அழுதாள். நான் அழவில்லை. ஸ்டோரில் நாள் முழுக்க இருக்கலாம் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

எழுத்து எனக்கு எழுத்தாகத் தெரியாது. படமாகத் தெரியும். அக்காவின் அட்டைகளை நான் அப்படித்தான் படித்தேன். முதலில் வருகிற Ca எல்லாவற்றிலும் இருந்தது: பிறை நிலாவும் அதற்குப் பக்கத்தில் ஒரு குண்டுப் பிள்ளையும். அது குடும்பப் பெயர் என்று விட்டுவிட்டேன். பிறகு வருவதுதான் ஆளின் முகம். O ஒரு முட்டை. H ஏணி. 2 வாத்து. 3 காது. 4 கவிழ்த்து வைத்த கதிரை. இரண்டு பக்கமும் வளைவு போட்டால் கூண்டு.

CaO தனி முட்டை. கூண்டில்லை, துணையில்லை, அதனால் கோபக்காரி, சுட்ட சுண்ணாம்பு. Ca(OH)₂ கூண்டு முட்டை. ஏணியோடு கூண்டுக்குள் அடங்கிய நீறிய சுண்ணாம்பு. ஜிப்சம் பாம்புக்காரி, S நெளிகிறதல்லவா. டொலமைட்டில் ஒரு M உண்டு, இரண்டு மலை. அதுவும் மலைநாட்டுத் தேயிலைக்குத்தான் போகும். சூப்பர் பொசுபேற்று இருக்கிறதே, Ca(H₂PO₄)₂, அது ரயில். ஏணி, வாத்து, கொடி, முட்டை, கதிரை என்று பெட்டி பெட்டியாக நீண்டு கடைசியில் இன்னொரு வாத்தும் ஏறிக்கொள்ளும்.

இவற்றில் பலதை நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். சுண்ணக்கல் ருசி இல்லை. ரயில் புளிக்கும். தனி முட்டையைத் தொட்ட அன்றைக்கு என் நாக்கு வெந்து மூன்று நாள் நான் பேசவில்லை. அந்த மூன்று நாளைப் பற்றி அம்மா கடைசிக் காலம்வரை ஆசையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

இனி நாட்டாமியைச் சொல்ல வேண்டும். கொழும்பில் மூட்டை தூக்குகிறவரை நாட்டாமி என்போம். எங்கள் நாட்டாமி மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து இளவயதில் இறங்கி வந்தவர். அங்கே லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தம்பி குடும்பம் எடுத்துக்கொண்டது. கொழும்பில் அவருக்கு இடம் என்று இருந்தது எங்கள் ஸ்டோரின் பின் மூலை ஒன்றுதான். அங்கே ஒரு தகரப் பெட்டி, ஒரு சிவப்புக் கம்பளி, ஆணியில் ஒரு முருகன் படம். நான் அவரை மாமா என்பேன். "நாட்டாமியை மாமா எண்டு கூப்பிடாதை, ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்" என்று அம்மா கிள்ளுவாள். கிள்ளின இடத்தைத் தடவிக்கொண்டே "மாமா!" என்று கத்துவேன்.

அவருக்கும் அட்டை வாசிக்கத் தெரியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூட்டையில் தோளைக் கொடுத்தால் போதும்.

"இது பஞ்சு மாதிரி அமுங்குது. கூண்டு" என்பார். "இது கல்லாட்டம் குத்துது. தனி முட்டை. இது உள்ளுக்குள்ள சரியுது பாரு, ஒன்னோட ரயிலு."

என் பெயர்களை அந்த ஸ்டோரில் பாவித்த ஒரே மனிதர் அவர். அட்டைகள் அப்பாவுக்கும் வாடிக்கையாளருக்கும். நாட்டாமிக்குத் தோள்.

அந்த வருட நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான்: சரஸ்வதி பூசை அன்றைக்கு எழுத்து இருக்கிற எல்லாவற்றையும் படியில் வைக்க வேண்டும். அக்காவின் புத்தகங்கள், அப்பாவின் பேனா, ஸ்டோர்த் தராசு எல்லாம் வைத்தாயிற்று. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்த அட்டையளும் எழுத்துத்தானே? அதுகளையும் கழட்டிக்கொண்டு வாங்கோ. மூட்டையில தொங்கவிட்டால் வாணி கோவிப்பா."

"அம்மா, அது லேபல்" என்றாள் அக்கா.

"லேபலெண்டா என்ன, நீதானே எழுதினனி?"

கழற்றிக்கொண்டு வந்து வைத்தோம். அம்மா ஒவ்வொரு அட்டைக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். தனி முட்டைக்கும் பொட்டு. பாம்புக்காரிக்கும் பொட்டு. அன்றைக்கு எழுத்தைத் தொடக்கூடாது. அன்றைக்கென்று பார்த்து மத்தியானம் சூளையிலிருந்து லொறி வந்தது. சுட்ட சுண்ணாம்பும் நீறிய சுண்ணாம்பும், எல்லாம் தார்க் கடதாசி உள்ளே வைத்து வாய் தைத்த சாக்கு, ஒரே நூல், ஒரே முத்திரை. நாட்டாமி தோளில் வாங்கி வாங்கி இரண்டு அடுக்காகப் போட்டார். எது எது என்று அவருக்குத் தெரியும். அட்டை நாளைக்குத்தானே, அப்போது கட்டலாம் என்று விட்டுவிட்டார்.

விஜயதசமி விடிந்தது. அது பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். புதிதாக எழுத்துப் பழகுகிற நாளில் பழைய மக்குக்கும் வாணி ஒரு கண் வைப்பா என்று எனக்கு ஒரு நப்பாசை. அக்கா குளிக்கப் போன நேரம் படியிலிருந்து அட்டைகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். நானே கட்டுவேன். கட்டி முடித்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். அப்பாவுக்குக் கண் கலங்கும். "என்ர பிள்ளை" என்பார்.

திறந்திருந்த மூட்டைகளில் பிழை விடவில்லை. பார்த்தேன், மணந்தேன், கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான், தலைமயிருக்கு ரிபன் கட்டுகிற முடிச்சு. எட்டு அடுக்கிலும் பூப்பூவாகச் சணல். கடைசியாக அந்த வாய் தைத்த இரண்டு அடுக்கு. தோளைக் கொடுத்துப் பார்த்தேன். என் தோள் அப்போது கோழிச் சிறகு. இரண்டும் ஒரே மாதிரித்தான் குத்தியது. இடப் பக்கம் கூண்டு, வலப் பக்கம் தனி முட்டை என்று மனம் சொன்னது. கட்டிவிட்டேன்.

அதற்குள் அம்மா கூப்பிட்டாள். சுண்டல் பங்கு போட்டார்கள். சுண்டலைக் கண்டதும் நான் செய்த சாதனை எனக்கே மறந்துபோயிற்று. இன்றைக்கும் அப்படித்தான், அதை விடுங்கள். அட்டைகள் தொங்குவதைக் கண்ட அப்பா நாட்டாமி கட்டியதாக நினைத்தார். நாட்டாமி அக்கா கட்டியதாக நினைத்திருப்பார்.

தீபாவளிக்கு வெள்ளை அடிக்கிற பருவம். நாலாம் நாள் காலையில் மேசன் பாஸ் வந்தார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குச் சுவருக்கு அடிக்க இரண்டு மூட்டை ஹுணு வேண்டும். நாட்டாமி கைவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு மட்டக்குளிக்குப் போயிருந்தார். அப்பா அட்டையைப் பார்த்து "அந்தா, இடப் பக்கத்து அடுக்கு" என்று காட்டினார். பாஸின் ஆட்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் மோர் மாதிரிக் கிடக்கும். பாஸ் எந்த நாளும் கையாலேயே கலக்குவார். சுவருக்குப் பதம் கைக்குத்தான் தெரியும் என்பார். அன்றைக்கும் ஆட்கள் மூட்டையைப் பீப்பாய்த் தண்ணீரில் கவிழ்த்த கையோடு, பார்க்காமலே முழங்கை வரை கையை விட்டிருக்கிறார்.

அவரைக் கொண்டுவந்தபோது நான் படிக்கட்டில் இருந்தேன். கையில் ஈரச் சாரத்தைச் சுற்றியிருந்தது. கன்னத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"முதலாலி, மே மொகத துன்னே?" என்று கத்தினார். என்ன சாமானைத் தந்தாய் என்கிறார். பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ தமிழில், "கை போச்சு முதலாலி! தண்ணி கொதிச்சுது! நெருப்பு இல்லை, கொதிச்சுது!" என்றார்.

அப்பா வாடகைக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். எனக்குக் கொதித்த தண்ணீர் எதுவென்று உடனே தெரிந்துவிட்டது. நாக்கு ஞாபகம் வைத்திருந்தது. மேலே ஓடிப்போய் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அங்கே எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அரிசியில் வண்டு ஊர்வதுகூடக் கேட்டது.

அப்பாவின் சத்தம்தான் என்னைக் கீழே இறக்கியது. நாட்டாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாவும் அக்காவும் படியடியில் நின்றார்கள்.

"காலமை இடப் பக்கம் தொங்கின அட்டை இப்ப வலப் பக்கம் தொங்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வாறதுக்குள்ள மாத்திக் கட்டிப்போட்டு நிக்கிறாய், என்ன?"

"ஆமாங்க" என்றார் நாட்டாமி.

"பிழையாக் கட்டினது நீ. பிடிபட்டாப் போல மாத்தினதும் நீ."

நாட்டாமி தோளில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டினார்.

"அந்தாளுக்குக் கண் போயிருந்தால்? எழுத்துத் தெரியாத மாட்டை ஸ்டோருக்குள்ள வைச்சிருந்தது என்ர பிழை. இண்டையோட முடிஞ்சுது. பெட்டியை எடுத்துக்கொண்டு போ."

நாட்டாமி பின் மூலைக்குப் போனார். ஆணியிலிருந்து முருகனைக் கழற்றினார். சுவரில் படம் இருந்த சதுரம் மட்டும் கறுப்பாக இருந்தது. சுற்றி எல்லாம் வெள்ளைத் தூசி. அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அப்பா, நான்தான் கட்டினனான்."

"என்னத்தை?"

"அட்டையளை. விஜயதசமி அண்டைக்கு. எல்லாத்தையும் நான்தான் கட்டினனான்."

அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "இவளோ? O எது பூச்சியம் எது எண்டு தெரியாதவள் ஃபோர்மியூலா பாத்துக் கட்டினவளாம்!"

"முடிச்சைப் பாருங்கோ! என்ர ரிபன் முடிச்சு!" என்று கத்திக்கொண்டு அடுக்குக்கு ஓடினேன். ஓடிப்போய் நின்றுவிட்டேன். ரிபன் முடிச்சு இல்லை. அடுத்த அடுக்கிலும் இல்லை. பத்து அடுக்கிலும் இறுக்கமான சாக்கு முடிச்சு, நாட்டாமி போடுகிற முடிச்சு. பூ ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். மிகக் கவனமாக.

அம்மா வந்து என்னை அணைத்துக்கொண்டாள். "பாவம், இரக்கப்பட்டுச் சொல்லுது. பேசாதேங்கோ" என்றாள் அப்பாவிடம். பாருங்கள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்ல பிள்ளை என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள். நான் மக்கு என்பதில் அந்த வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவின் கையை உதறிவிட்டு ஒவ்வொரு அட்டையாகக் காட்டினேன்.

"இது பாம்புக்காரி, ஜிப்சம். இது மலைக்காரி, தோட்டத்துக்குப் போறது. இது ரயில், நாக்கில வைச்சாப் புளிக்கும். இது இரட்டைப் பிறை, தேசிக்காய்ப் புளி விட்டா நுரைக்கும். இது தனி முட்டை. தண்ணி ஊத்தினாப் பொங்கும், சுடும், பேந்து அடங்கிக் கூண்டுக்குள்ள போயிடும். அதுதான் மற்றது, கூண்டு முட்டை. தண்ணி குடிச்சு முடிச்ச தனி முட்டைதான் அது!"

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மேலே ஓடிப்போய்த் தன் இரசாயனவியல் கொப்பியைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள்.

"இது?"

"கூண்டு முட்டை."

"இது?"

"இரட்டைப் பிறை."

அவள் வேறு பக்கம் திருப்பினாள். CaF₂ என்று இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னாள். "இது?"

"குடும்பம் எங்கட குடும்பம்தான். ஆனா இந்த ஆள் எங்கட ஸ்டோரில இல்லை."

கடைசியாக உப்பைக் காட்டினாள், NaCl.

"இது எங்கட ஆக்களே இல்லை" என்றேன்.

அக்கா கொப்பியை மூடினாள். "அப்பா, இவள் சொன்னது சமன்பாடு. தண்ணி குடிச்சு முடிச்ச தனி முட்டை... நான் அதைப் பாடமாக்க ரெண்டு நாள் எடுத்தனான்" என்றாள்.

அப்பா என் முன்னால் குந்தினார். அவருடைய புருவத் தூசி என் மூக்குக்கு நேரே.

"எல்லாம் தெரிஞ்ச நீ ஏன் இந்த ரெண்டையும் மாத்திக் கட்டினனி?"

"அட்டை தெரியும் அப்பா. மூட்டைதான் தெரியேல்லை. வாய் தைச்சிருந்தது. நாட்டாமி மாமாக்கெண்டாத் தோளில வைச்ச உடன தெரியும். அவரிட்டக் கேக்காமல் நான் கட்டிப்போட்டன். அவரிட்டக் கேக்காமல் நீங்களும் வித்துப்போட்டியள்."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லாதது. என் வாய் அப்போதிருந்தே அப்படி. அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா எழுந்து நாட்டாமியின் பக்கம் திரும்பியிருந்தார்.

"முடிச்சை ஏன் மாத்தினாய்?"

நாட்டாமி பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். "பூ மாதிரி கட்டியிருந்திச்சிங்க. மூட்டைக்கு அது நிக்காதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பாஸின் கை வெந்த பழியை ஒரு பிள்ளையின் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல வருடம் எடுத்தது. ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். வேலையே போகும் என்று நினைத்திருக்க மாட்டார். போனபோதும் வாயைத் திறக்கவில்லையே.

"சரி. பெட்டியை வை. நாளைக்கு லொறி வருது" என்றார் அப்பா.

மன்னிப்பு என்கிற சாமான் எங்கள் ஸ்டோரில் இருப்பு இருந்ததில்லை. அப்பாவுக்கு அதற்கு மேல் இறங்கத் தெரியாது. நாட்டாமி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அய்யா, மூட்டைய தூக்கச் சொன்னீங்க, இத்தன வருஷமாத் தூக்கினேனுங்க. இன்னக்கி சொன்ன அந்தச் சொல்லு இருக்குதுங்களே, அதத் தூக்க முடியலீங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா ஆடிக்கொண்டிருந்த தராசைக் கையால் நிறுத்தினார். பிறகு சட்டையை மாட்டினார்.

"வா. பாஸைப் பாக்கப் போவம். நீயும் வாடி."

மூன்று பேரும் நடந்தோம். நாட்டாமி பெட்டியோடுதான் வந்தார். பாஸ் ஆஸ்பத்திரியால் திரும்பி வீட்டு வாசலில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தார். கை முழுக்கக் கட்டு. விரல் நுனிகள் வெளியே, அவித்த இறால் நிறம். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

அப்பா அவருக்கு முன்னால் போய் நின்று, நாட்டாமிக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகச் சத்தமாகச் சொன்னார்: "மகே வெரத்த, பாஸ். நாட்டாமிகே நெவெய். மகே வெரத்த."

என் பிழை, பாஸ். நாட்டாமியின் பிழை இல்லை. என் பிழை.

தமிழில் சொல்ல நாக்கு வராத ஒன்றைச் சிங்களத்தில் போய்ச் சொன்னார், என் அப்பா. பாஸ் ஒருவருக்குச் சொல்லுகிற சாட்டில், பக்கத்தில் பெட்டியோடு நின்ற மற்றவருக்கும் சேர்த்துச் சொன்னார். நாட்டாமிக்குச் சிங்களம் எங்கள் எல்லாரையும்விட நன்றாக விளங்கும்.

நானும் சொல்ல வேண்டுமே. எனக்கு இரண்டு மொழியும் அந்த நேரம் வரவில்லை. பாஸின் விரல்களைப் பார்த்து விக்கி விக்கி அழுதேன்.

"ஆ, மே பொடி நோனாத?" என்றார் பாஸ். இந்தச் சின்ன அம்மாவா செய்தது? அப்பா தலையாட்டினார். பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "சரி, சரி. கையாலை கலக்க வேணாம் எண்டு என்ட பொஞ்சாதி இருவது வருசம் சொல்லுறது. கேக்கேல்லை. இனிக் குச்சி."

அவருடைய கை தேற ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. முழங்கைக்குக் கீழே தோல் கடைசி வரைக்கும் வெளிறித்தான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவர் வேண்டுமென்றே அந்தக் கையால்தான் என் கன்னத்தைத் தட்டுவார்.

திரும்பி வரும்போது ஒழுங்கை முனையில் நாட்டாமி நின்றார். இடப் பக்கம் போனால் பஸ், வலப் பக்கம் எங்கள் ஸ்டோர். அப்பா நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் மெதுவாக நடந்தார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் கண்டதில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு எங்களுக்குப் பின்னால் தகரப் பெட்டியின் கைப்பிடி கிலுங்குகிற சத்தம் கேட்டது.

அடுத்த தையில் என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் போனேன். அதைப் பெரிய கதையாக்க வேண்டாம். அங்கே முட்டைகள் என் விடைத்தாளில்தான் இருந்தன. அந்த ஸ்டோரும் பிற்காலத்தில் எரிந்துபோயிற்று. அதை இன்றைக்குக் கதைக்கப் போவதில்லை. அட்டை ஒன்றுகூட என்னிடம் இல்லை. அட்டை எப்படி இருந்தது என்று கேட்டால் சந்தனம் காய்ந்து உதிர்ந்த வட்டம் வரைக்கும் சொல்லுவேன்.

பாஸிடம் போய் வந்த அந்தக் கிழமையே வெள்ளிக்கிழமை அக்கா புது அட்டைகள் வெட்டினாள். மேலே அவள் ஃபோர்மியூலா எழுதினாள். கீழே படம் போட என்னை விட்டாள். முட்டை, கூண்டு, பாம்பு, மலை, ரயில். ரயிலுக்குப் புகையும் போட்டேன். "புகை ஃபோர்மியூலாவில இல்லை" என்று அக்கா சொன்னாள், ஆனால் அழிக்கவில்லை. எழுதி முடிந்ததும் அப்பா அட்டைக் கட்டை என்னிடம் நீட்டினார்.

"நீயே கட்டு. வாய் தைச்ச மூட்டையெண்டா நாட்டாமியிட்டக் கேட்டுக் கட்டு."

நாட்டாமி கண்ணை மூடித் தோளைக் கொடுத்தார். "கூண்டு" என்றார். கட்டினேன். "தனி முட்டை" என்றார். கட்டினேன். எனக்கு அப்போதும் அந்த ஒரே முடிச்சுத்தான். பத்து அடுக்கிலும் மறுபடி பூப்பூவாகச் சணல். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அவிழ்க்கப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவடியில் நின்ற அப்பா கேட்டார்: "என்ன, அது நிக்குமோ?"

நாட்டாமி தனி முட்டையின் பூவை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நிக்குதுங்க" என்றார்.